நீ திருத்தாமல் விட்ட இடங்கள்

அன்பு மகள் தேவிக்கு அப்பா எழுதுவது.

நீ மாப்பிள்ளையோடு ஈப்போவுக்குப் போய் ஒரு வாரம் ஆகப்போகிறது. போனில் பேசினால் சாப்பிட்டீங்களா, மருந்து எடுத்தீங்களா என்பதிலேயே நேரம் ஓடிவிடுகிறது. சொல்ல நினைத்தது நெஞ்சுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கலியாணத்தன்று மண்டபத்தில் உன் மாமனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சம்பந்தி, ஒங்க கேசட்ட கார்ல போட்டுக் கேட்டோம். நல்லாருக்கு. இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே சுருதிய சரி பண்ணிருவாங்களாமே. அப்ப அதுல எவ்வளவு நீங்க, எவ்வளவு கம்ப்யூட்டர்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பதில் சொல்வதற்குள் யாரோ என்னைப் போட்டோ எடுக்க இழுத்துப்போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து யோசித்தேன். அந்தப் பதிலை அவரைவிட உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ அந்தக் கேசட்டை உன் வேலைகளில் ஒன்று என்று நினைத்துச் செய்து முடித்துவிட்டாய். எனக்கு அது என்னவாக இருந்தது என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

நீ பிறப்பதற்கு முன்பிருந்தே நான் பாடிக்கொண்டிருந்தேன். வாரம் முழுக்கச் செங் வட்டாரத்துத் தொழிற்சாலைச் சாமான்களை லோரியில் ஏற்றிக் கிள்ளான் துறைமுகத்துக்கு ஓட்டுவேன். சனி, ஞாயிறு வந்தால் கலியாணம், தோட்டத்துத் திருவிழா, யாராவது வீட்டுப் பிறந்தநாள். எங்கள் இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தவர் சூசை அண்ணன். மஸ்ஜித் தானாவில் தையல் கடை வைத்திருக்கும் மனிதர், விரலில் ஊசி குத்திய வடுவோடு வந்து வாசிப்பார். அவர் சொந்தமாக மெட்டுப் போடுவார், பாட்டும் அவரே எழுதுவார். ஆனால் கூட்டத்துக்கு வேண்டியது சினிமாப் பாட்டு. அதனால் அவருடைய பாட்டுகளை நாங்கள் மைக் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும்போது மட்டும் பாடுவோம். நாற்காலி போட்டுக்கொண்டிருப்பவர்களும் சமையல்காரர்களும்தான் அதைக் கேட்டவர்கள். அதில் அவருக்கு மனக்குறை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. வெளியே காட்டிக்கொண்டது இல்லை.

பிறகு என் கழுத்தில் கட்டி வந்ததும், அதை அறுத்து எடுத்ததும் உனக்குத் தெரியும். உயிருக்கு ஆபத்தில்லாத கட்டி என்று சொன்னபோது உன் அம்மா மருத்துவமனை நடையிலேயே உட்கார்ந்து அழுதாள். குரலுக்குப் போகும் நரம்பு கொஞ்சம் பலவீனமாகியிருக்கும், பேச வந்துவிடும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பேச்சு வந்தது. பாட்டு வரவில்லை. கீழே பாடும்வரை சமாளிக்கும், மேலே ஏறினால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் வழுக்கிக் கீழே வந்துவிடும். எனக்கே காதில் விழும், ஆனால் பிடிக்க முடியாது. குழுவுக்கு வேறொருவர் பாட வந்தார். நான் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டியில் ரேடியோ பாடும்போது கூடச்சேர்ந்து பாடுவதையும் விட்டுவிட்டேன். நல்லபடியாக உயிரோடு இருக்கிறேன், இதற்கு மேல் என்ன கேட்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைச் சொல்லிச் சொல்லியே சில வருஷங்கள் போய்விட்டன.

நாட்டில் பொருளாதாரம் விழுந்த வருஷம்தான் நீ கோலாலம்பூரிலிருந்து பெட்டியோடு வீட்டுக்கு வந்தாய். விளம்பரங்களுக்குக் குரல் பதிவு செய்யும் ஸ்டூடியோவில் நன்றாகத்தான் இருந்தாய். விளம்பரம் குறைந்ததும் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். உன் முதலாளி நல்ல மனிதர், பழைய கம்ப்யூட்டரையும் ஒரு மைக்கையும் உன்னிடமே கொடுத்து அனுப்பினார். வேலை போய் வந்த பெண் மூலையில் உட்கார்ந்துவிடுவாளோ என்று நானும் அம்மாவும் பயந்தோம். நீ வந்த மறுவாரமே புக்கிட் காத்திலில் இருக்கும் நம் வீட்டின் பின்னறையைக் காலி செய்து, சுவரில் பழைய மெத்தையைச் சாய்த்து, ஜன்னலில் கம்பளி தொங்கவிட்டுப் பதிவு அறை ஆக்கிவிட்டாய். காற்றாடி போடக்கூடாது, சத்தம் கேட்கும் என்றாய். பழைய பேப்பர் வாங்குகிற லோரி ஒலிபெருக்கியோடு நம் தாமான் குடியிருப்புக்குள் வந்தால் அது போகும்வரை எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பாலர் பள்ளிகளுக்குக் கதை கேசட், கோயில் அறிவிப்பு, கடைத்திறப்பு விளம்பரம் என்று வேலையும் வரத் தொடங்கியது. உன்னைப் பற்றி நான் கவலைப்படுவதை நிறுத்தினேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை காலையில்தான் சூசை அண்ணன் வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, பின்னறை வாசலில் நின்று மெத்தையையும் மைக்கையும் பார்த்துக்கொண்டிருந்தார். இருதயத்தில் அடைப்பு, கோலாலம்பூரில் ஆப்பரேஷன் என்று சாதாரணமாகச் சொன்னார். "டாக்டர் நல்லாத்தான் பேசுறாரு. பயப்பட ஒண்ணும் இல்லங்கிறாரு. இருந்தாலும் பாப்பா, போறதுக்கு முன்னாடி என் பாட்ட ஒரு தடவ முழுசா கேக்கணும் போல இருக்கு. பதிவு பண்ணித் தருவியா?" என்று உன்னைக் கேட்டார். "தாராளமா பண்ணலாம் அங்கிள். யாரு பாடுறா?" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். "ஒங்கப்பாதான். வேற யாருக்கு இந்தப் பாட்டெல்லாம் தெரியும்லா" என்றார். என் தொண்டை இப்போது எப்படி என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சூசை அண்ணன் கீபோர்டு வாசித்து வைத்ததைக் காதில் கேட்டபடி முதல் பாட்டை நான் பாடி முடித்ததும், நீ அதை ஸ்பீக்கரில் போட்டாய். கழுத்து ஆப்பரேஷனுக்குப் பிறகு என் குரலை வெளியிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உள்ளிருந்து கேட்டபோது தோன்றியதைவிட மோசமாக இருந்தது. மேலே போகிற ஒவ்வொரு இடத்திலும் சரிந்தது. கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, நாளைக்கு வேறு ஆள் பார்க்கலாம் என்றேன். நீதான், "அப்பா, இப்ப இதுக்கு சாஃப்ட்வேர் வந்திருக்கு. ரெண்டு மூணு இருக்கு. பாத்துட்டுச் சொல்றேன், அவசரப்படாதீங்க" என்றாய். உன் பழைய முதலாளிக்கு போன் செய்தாய். எல்லாரும் ஒன்றைத்தான் வாங்குகிறார்கள், வேலை சீக்கிரம் முடியும், வாடிக்கையாளருக்குத் திருப்தி என்று அவர் சொல்லி, முயன்று பார்க்க அதையே அனுப்பிவைத்தார். பாட்டின் சுருதியையும் அதில் வரும் ஸ்வரங்களையும் சொல்லிவிட்டால் போதும், பாடியவர் எங்கே விலகினாலும் பக்கத்தில் இருக்கிற சரியான ஸ்வரத்துக்கு அது தானாகவே இழுத்து வைத்துவிடும். நீ தட்டிவிட்டாய். கம்ப்யூட்டர் முனகிக்கொண்டு வேலை செய்தது. நாம் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம்.

அதில் வந்த குரலைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை. ஒரு இடத்திலும் தவறவில்லை. நல்ல நாளிலேயே நான் அப்படிப் பாடியதில்லை. திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். அப்போது அம்மா கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்து வாசலில் நின்று கேட்டாள். "நல்லாருக்கே. யாரு பாடுறது?" என்றாள். நான் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை. சூசை அண்ணன் மெட்டில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும் இடங்கள் உண்டு. அங்கெல்லாம் அது படிக்கட்டு வைத்தது போல வெட்டி வெட்டிப் போயிருந்தது. நீ அதைப் போட்டுக் காட்டினாய். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

"இதையே வச்சிரு பாப்பா" என்றேன்.

"கேக்க நல்லாருக்கு அப்பா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா சூசை அங்கிள் கேட்டது இது இல்லலா. ஒங்களத்தானே பாடச் சொன்னாரு."

"அவரு பாட்டு நல்லா வரணும்னுதானே கேட்டாரு. வந்திருச்சு. அப்பறம் என்ன? என் தொண்டை போயிருச்சு. போனத மிஷின் திருப்பிக் குடுக்குது. அத வேணாங்கிறியா?"

நீ பாட்டை நிறுத்தினாய். "திருப்பிக் குடுக்கல அப்பா. வேற யாரோடதோ குடுக்குது" என்றாய்.

அதற்குப் பிறகு நாம் அன்றைக்குப் பேசிக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை லோரியை எடுத்துக்கொண்டு போனேன். சிம்பாங் அம்பாட் டோல் சாவடியைத் தாண்டிப் போகும்போது உன் அம்மா வாசலில் நின்று கேட்டது மறுபடி காதில் கேட்டது. யாரு பாடுறது. என்னோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள், நான் குளியலறையில் முணுமுணுத்தாலும் எந்தப் பாட்டு என்று சொல்லக்கூடியவள், அவளுக்கு அது நான் என்று தெரியவில்லை. அப்படியானால் சூசை அண்ணனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஆப்பரேஷனுக்குப் போகிற மனிதரிடம் நான் யாருடைய குரலைக் கொடுத்து அனுப்பப்போகிறேன் என்று நினைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உன்னிடம், இன்னொரு சாஃப்ட்வேர் இருக்கிறது என்றாயே, அதைக் காட்டு என்றேன். நீ முன்பே அதைக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தாய். நான் கேட்கும்வரை காத்திருந்தாய் போல.

அது தானாக எதையும் செய்யாது. பாடியதை ஒரு கோடாக வரைந்து காட்டும், அவ்வளவுதான். ஸ்வரங்கள் எல்லாம் குறுக்கே மெல்லிய கோடுகளாக இருக்கும், என் குரல் அவற்றுக்கிடையே ஏறி இறங்கிப் போகும். எந்த இடத்தை எவ்வளவு தூக்க வேண்டும் என்று நாம்தான் கையால் இழுத்து வைக்க வேண்டும். ஒரு பாட்டுக்கே நாள் கணக்கில் ஆகும், எந்த வாடிக்கையாளரும் அதற்குக் காத்திருக்க மாட்டார் என்று உன் முதலாளி எச்சரித்தாராம். நீ அதைத்தான் தேர்ந்தெடுத்தாய். தேர்ந்தெடுத்ததோடு, எனக்குத் தெரியாமல் ஒரு இடத்தைக்கூடத் தொடவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்து, ஒவ்வொரு இடமாகப் போட்டுக் காட்டி, "இது வேணுமா, வேணாமா" என்று கேட்டாய்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நீ ஒன்றைக் கண்டுபிடித்தாய். "அப்பா, இங்க பாருங்க. மேல் ஸ்வரத்துக்குப் போய் விழல நீங்க. போறதுக்கு முன்னாடியே கோடு எறங்க ஆரம்பிச்சிருது. இங்கயும் அப்படித்தான், இங்கயும். அந்த எடம் வருதுன்னு தெரிஞ்சதுமே பயந்து மூச்சப் புடிச்சிக்கிறீங்க" என்றாய். நான் எழுந்து திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். நரம்பு பலவீனம் என்று டாக்டர் சொன்னது ஒரு பக்கம் இருக்க, மீதியை நானே பயந்து பயந்து சேர்த்து வைத்திருந்தேன். காதால் கேட்டு எனக்குப் புரியாததை அந்தக் கோடு காட்டிக்கொடுத்தது. சூசை அண்ணனை வரச்சொல்லி, எல்லாப் பாட்டையும் இரண்டு ஸ்வரம் இறக்கி வாசிக்கவைத்துப் பதிவு செய்தாய். மூச்சை எங்கே எடுப்பது என்று பாட்டுத் தாளில் எனக்குக் குறி போட்டுக் கொடுத்தாய். எல்லாவற்றையும் புதிதாகப் பாடினேன். இரண்டாம் தடவை கோடு எவ்வளவோ நிதானமாகப் போனது. மூன்றாம் தடவை நாம் இரண்டு பேரும் திரையைப் பார்க்க மறந்துவிட்டோம்.

பிறகு எனக்கு ஆசை கூடிவிட்டது. இனி ஒரு இடத்திலும் கை வைக்காதே, பாடியது பாடியபடியே இருக்கட்டும் என்றேன். அதற்கும் நீ சம்மதிக்கவில்லை. "ஒடம்பு முடியாம எறங்குனது தப்பு இல்லப்பா, அது இருக்கட்டும். கவனமில்லாம எறங்குனது தப்பு. அத நான் திருத்தத்தான் செய்வேன்" என்றாய். ஒரு இடத்தைப் போட்டுக் காட்டி, "இங்க நீங்க பாட்டுத் தாளப் பாக்காம அம்மாவப் பாத்துட்டீங்க. அவங்க வாசல்ல நின்னு தலையாட்டுனாங்க. சுருதி போச்சு" என்றாய். அம்மா வெட்கப்பட்டு உள்ளே போய்விட்டாள். அந்த மாதிரி இடங்களை மட்டும் கையால் இழுத்துச் சரியாக வைத்தாய். எத்தனையோ வருஷம் மேடையில் பாடியும் இந்த இரண்டையும் நான் பிரித்துப் பார்த்ததில்லை. எல்லாத் தவறுகளும் எனக்கு ஒன்றுபோலத்தான் வலித்தன. எவற்றுக்கு வெட்கப்பட வேண்டும், எவற்றுக்குத் தேவையில்லை என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவள் நீ.

மஸ்ஜித் தானாவுக்குக் கேசட்டை எடுத்துப்போன காலை உனக்கு நினைவிருக்கும். சூசை அண்ணன் கடையில் துணி வெட்டுகிற மேசையில் பிளேயரை வைத்தோம். அவர் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே கேட்டார். துணி இல்லாத மெஷினில் அவர் கால் மட்டும் தாளத்துக்கு மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தது. கடைசிப் பாட்டு, அவர் மனைவி இறந்த பிறகு எழுதியது. அதில் ஓரிடத்தில் என் குரல் நடுங்கும். அது வந்ததும் அவர் கால் நின்றது. பாட்டு முடிந்ததும் உன்னைப் பார்த்து, "இந்த எடத்துல ஒங்கப்பா குரல் நடுங்குதே பாப்பா. அத எடுக்க முடியாதா?" என்று கேட்டார்.

"எடுக்கலாம் அங்கிள். எடுக்கணுமா?" என்றாய் நீ.

அவர் மெஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டார். "வேணாம். நான் இத எழுதறப்ப இப்படித்தான் இருந்தேன்" என்றார். பிறகு எழுந்து கேசட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வாங்க, பசியாறிட்டுப் போகலாம்" என்று நம்மைப் பக்கத்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரொட்டி சானாய் சாப்பிடும்போது துணி விலையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார். திரும்பி வரும்போது காரில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பு என்று நினைத்திருப்பாய். களைப்பு இல்லையம்மா. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

உன் மாமனார் கேட்ட கேள்விக்கு நான் சொல்லவிருந்த பதில் இதுதான். அந்தக் கேசட்டில் கம்ப்யூட்டர் பாடிய இடம் ஒன்றுமில்லை. நான் கவனம் தவறிய சில இடங்களை என் மகள் கையால் சரிசெய்தாள். மற்றதெல்லாம் நான்தான். ஆனால் அவள் அந்த வேலையை எடுக்காமல் சுலபமானதை எடுத்திருந்தால், நான் இன்னும் லோரியில் ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டிக்கொண்டிருப்பேன். இப்போது வண்டியில் ஏறினால் பாடுகிறேன். டோலில் கண்ணாடியை இறக்கினால் சில நாள் உள்ளே இருக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் பஜனையில் உட்காருகிறேன். மேலே போகிற வரியில் வாயை மூடிக்கொள்கிறேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. இதையெல்லாம் எனக்குக் கொடுத்தவள் நீ. பெற்றவர்கள் பிள்ளைகளுக்கு நன்றி சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. நான் சொல்கிறேன்.

கலியாணமான மகளுக்கு எழுதும்போது புத்தி சொல்லாமல் முடிக்க முடியாது என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதுவும் நீ எனக்குச் சொன்னதுதான். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. ஆனாலும் ஒன்றாகக் குடியிருக்கும்போது அவரிடம் சில விஷயங்கள் உனக்கு இடிக்கும், உன்னிடம் சில அவருக்கு இடிக்கும். அவற்றில் எது கவனக்குறைவு, எது அந்த மனிதரால் முடியாதது என்று முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பார். கவனக்குறைவைத் தயங்காமல் சொல்லித் திருத்து. முடியாததை விட்டுவிடு. அதைவிட முக்கியம், எதையும் அவரைக் கேட்காமல் திருத்தாதே. என்னிடம் நீ ஒவ்வொரு இடத்திலும் கேட்டாய். நீ கேட்டதால்தான் எனக்கு அவமானமாக இருக்கவில்லை. உன் அம்மா இந்த விஷயத்தில் உனக்கு முன்பே பழகியவள், எப்போதாவது குழப்பமாக இருந்தால் அவளைக் கேள். என்னைக் கேட்காதே, நான் தப்பாகச் சொல்லிவிடுவேன்.

நேற்று சூசை அண்ணன் வந்திருந்தார். ஆப்பரேஷனுக்குப் பிறகு அவர் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தது இதுதான் முதல் தடவை. உன் அம்மா திட்டினாள், சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். கொஞ்சம் இளைத்திருக்கிறார், மூச்சு நன்றாக இருக்கிறது. கூடத்தில் உட்கார்ந்து, முழங்காலில் தட்டிக்கொண்டு, நான் இதுவரை கேட்காத ஒரு மெட்டைப் பாடிக் காட்டினார். மேலே ஏறும் ஏறும் என்று நான் காத்திருந்தேன். ஏறவே இல்லை. கீழேயே சுற்றி வந்து, போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்விட்டு வந்தது. "என்ன அண்ணே, மேலேயே போகலியே" என்றேன். "பழசெல்லாம் ஒன் பழைய தொண்டைக்குப் போட்டது தம்பி. இது இப்ப இருக்கிற தொண்டைக்கு" என்றார்.

வரிகளைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். தீபாவளிக்கு வரும்போது மைக்கை எடுத்துக்கொண்டு வாம்மா.

உன் பாட்டுக்கார அப்பா